அடங்காத அணுக்கள்

அன்றும் தட்டு முழுக்க ஒரே மஞ்சள். மேல் வரிசைக் குழிகளிலும் வெளிர் மஞ்சள், கீழ் வரிசைக் குழிகளிலும் வெளிர் மஞ்சள். அமுதவள்ளி தட்டை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கருவியில் வைத்து எண்களை எடுத்தபோது, கண் சொன்னதையேதான் அவையும் சொல்லின.

வெறும் நிறம்தானே என்று வெளியாள் நினைக்கலாம். அவளுக்கு அது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. இரத்த வங்கியிலிருந்து வரும் இரத்தத்தில் வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் இட்டு, இளஞ்சிவப்புக் கரைசலில் நாள்கணக்கில் வளர்த்தால், அவற்றில் ஒரு பகுதி தட்டோடு ஒட்டிக்கொண்டு பெரிதாகும். உடம்புக்குள் நுழையும் கிருமியை விழுங்குபவை இவைதாம். கிருமியின் மேலோட்டிலிருந்து எடுத்த பொருளைத் துளி காட்டினால் போதும், அவை கொதித்தெழுந்து அழற்சியைக் கிளப்பும் புரதங்களைக் கக்கும். புரதம் கூடக் கூடச் சோதனைத் தட்டில் மஞ்சள் அடர்ந்துகொண்டே போகும். முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அணுக்கள் அடங்கிவிடும், மஞ்சள் வெளுத்துவிடும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருத்துவர்கள் ஸ்டீராய்டு எழுதுவது இதை நம்பித்தான்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும்படி அவளை யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை ஒருமுறை செய்து காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஸ்டீராய்டு பெறாத மேல் வரிசைக்கும் பெற்ற கீழ் வரிசைக்கும் வித்தியாசம் கடுகளவே இருந்தது. சில வாரங்களில் அந்தக் கடுகும் இருக்காது.

அவள் தட்டை மஞ்சள் நிறக் கழிவுப் பைக்குள் எறிந்தாள். அடுத்த மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்தது.

அமுதவள்ளி பிறந்தது கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து வரிசை வீடொன்றில். வளர்ந்தது கிள்ளான், காப்பார் சாலை. உயிரியலில் பட்டம் வாங்கிக்கொண்டு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைக்குப் போனவள், கையுறைகளில் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடியே இளமையின் நல்ல பகுதியைக் கழித்தாள். முப்பதைத் தாண்டிய பிறகு, பங்சாருக்கு அருகிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது, அவளுடைய கணவன் லோகன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. "போ லா. லோரி ஓட்டுறது நான், படிக்கிறது நீ. ஆளுக்கு ஒரு ஸ்டியரிங்" என்றான். அவன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். அவனுக்கு ஆஸ்துமாவும் உண்டு.

சொந்தக்காரர்களுக்கு அவள் அன்றே டாக்டராகிவிட்டாள். கல்யாண வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது முழங்கையைக் காட்டி, "இது என்னா தடிப்புன்னு பாரும்மா" என்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்ல ஆன்டி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. உண்மையில் எந்த டாக்டரும் ஆகாமலே போய்விடுவோமோ என்ற பயம் இரண்டாம் ஆண்டு நடுவில்தான் அவளைப் பிடித்தது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் ஞானசம்பந்தம். திருச்சிக்காரர். ஒப்பந்த விசாவில் வந்து பல வருடமாக இங்கேயே இருக்கிறார். அவரிடம் ஒரு புதிய சேர்மம் இருந்தது. ஸ்டீராய்டு செய்யும் வேலையைச் செய்யும், ஆனால் எலும்பைக் கரைக்காது, சர்க்கரையை ஏற்றாது என்பது அவர் நம்பிக்கை. ஒரு மருந்து நிறுவனம் அதன்மேல் பணம் போட்டிருந்தது. சேர்மத்தைச் சோதிக்குமுன் பழைய ஸ்டீராய்டு ஒழுங்காக வேலை செய்வதை அமுதவள்ளி காட்டியாக வேண்டும். அதற்கு மாதிரியாக அவர் கையில் கொடுத்தது, அவளுக்கு முன் அங்கே இருந்த விஷ்ணுப்ரியாவின் கட்டுரை. அதில் ஸ்டீராய்டு துளி பட்டதும் அழற்சி முக்கால் பங்கு சரிந்திருந்தது. படங்கள் அவ்வளவு அழகு. பொறாமைப்படும்படியான அழகு.

"அதே ரத்தம், அதே மருந்து, அதே தட்டு. விஷ்ணுப்ரியாவுக்கு வந்தது உங்களுக்கு ஏம்மா வரலை?" என்று ஞானசம்பந்தம் கேட்டார்.

அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்தைப் புதிதாக வாங்கிப் பார்த்தாள். அளவைக் கூட்டினாள், குறைத்தாள். அணுக்களை நெருக்கமாகவும் இடைவெளி விட்டும் வளர்த்தாள். இரத்தம் கொடுத்தவர்கள் வேறுவேறு ஆட்கள் என்பதால் அப்படியோ என்று ஒரே வாரத்தில் பலருடைய இரத்தத்தை வைத்துச் செய்தாள். எண்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின் நகர்ந்தன, அவ்வளவுதான்.

"கை பழகணும்மா. ஃபேக்டரியில கையுறையைச் சோதிக்கிறது மாதிரி இல்ல இது" என்றார் அவர் ஒருநாள்.

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறியதிலிருந்து கிள்ளானில் இறங்கும்வரை அதே சொல். அவள் கை நல்ல கை. ஒரே குழியை எத்தனை முறை அளந்தாலும் ஒரே எண் வரும் கை. அப்படியானால் தவறு எங்கே? தன்னிடம் இல்லாத தவறு எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? இந்தக் கேள்வி மெல்ல மெல்ல ஓர் ஆள்மேல் போய் உட்கார்ந்தது. பார்த்தே இராத ஆள்.

அடுத்த தட்டும் வீணான அன்று அவள் அவருடைய அறைக்குள் போய் நின்றாள்.

"சார், ஒன்னு கேக்கட்டா? விஷ்ணுப்ரியா ரிசல்ட்டு... அது நெஜமாவே வந்துச்சா?"

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன சொல்ல வர்றீங்க?"

"எவ்வளவு செஞ்சாலும் வர மாட்டேங்குது சார். யாரு செஞ்சாலும் வராது. அவங்களே கொஞ்சம் அழகா காட்டிட்டாங்களோன்னு..."

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார். வெளியே வந்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. பழியை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டதே.

அடுத்த ஆண்டு, காடுகளை எரிப்பதால் வருடந்தோறும் கவியும் புகைமூட்டம் சீக்கிரமே வந்துவிட்டது. கிள்ளானில் காலையில் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. லோகனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே மூச்சு சீரானது. கூடவே பசி ஏறியது, எரிச்சல் ஏறியது, கன்னம் உப்பியது. மூன்று ரொட்டி சானாயைச் சாப்பிட்டுவிட்டு நாலாவதைக் கேட்டான்.

அமுதவள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மட்டும் வேல செய்யுது. என் தட்டுல செய்ய மாட்டேங்குது."

"உன் செல்லு கேக்கலன்னா என் நெஞ்ச எடுத்து வளத்துப் பாரு. அது கேக்குது."

"வெளாடாதீங்க."

"வெளாடல லா. ரெண்டு வருசமா ஒரே பாட்டு பாடுற. முன்ன செஞ்சாங்களே, அந்த அக்காவையே போயி கேட்டா என்னா? கொண்டெய்னர் பூட்டு தெறக்கலன்னா, போன ட்ரிப்புல ஓட்டுனவனுக்குத்தான் நாங்க போன் அடிப்போம்."

விஷ்ணுப்ரியாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஞானசம்பந்தம் சொல்லியிருந்தார். இத்தனை நாளும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு அவள் கேட்காமல் இருந்தாள். ஏமாற்றுக்காரியிடம் போய் என்ன கேட்பது என்ற எண்ணமும் இருந்தது. அன்று ஏதோ ஒரு வீம்பில் எண்ணைத் தேடி எடுத்து, சந்திக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். 'சனிக்கிழமை வாங்க' என்று பதில் வந்தது. முகவரி பிரிக்பீல்ட்ஸ்.

பூக்கடைக்கு மேலே முதல் மாடியில் டியூஷன் நிலையம். மல்லிகை வாசம் படிக்கட்டு வரைக்கும் ஏறி வந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். வெள்ளைப் பலகையில் இதயத்தின் படம் பாதி அழிந்து கிடந்தது. விஷ்ணுப்ரியா நாற்பதை நெருங்கியவள், ஒல்லி, கையில் மார்க்கர் மை. உட்காரச் சொன்னாள். ஆனால் குடிக்க எதுவும் கேட்கவில்லை.

"அமுதவள்ளி நீங்கதானே? நானே உங்கள தேடி வரலாமான்னு பாத்தேன்."

"என்னையா? எதுக்குக்கா?"

"போன வருசக் கடைசியில ஒரு காலேஜில லெக்சரர் வேலைக்குப் போனேன். எல்லாம் முடிஞ்சு, ஜாயின் பண்ற தேதி கூட பேசியாச்சு. அப்பறம் சத்தமே இல்ல. நானா போன் பண்ணிக் கேட்டேன். உங்க பழைய ப்ரொஃபசர்கிட்ட விசாரிச்சோம், உங்க ரிசல்ட்ட இப்ப ரீசெக் பண்ணிட்டு இருக்கோம்னு சொன்னாரு, அப்படின்னாங்க." அவள் மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "சார்கிட்ட கேட்டேன். புது ஸ்டூடண்டுக்கு டவுட்டு இருக்கும்மா, நான் பொய் சொல்ல முடியாதுல்ல, அப்படின்னாரு. புது ஸ்டூடண்டு யாரு?"

ஞானசம்பந்தத்தின் அறையில் தான் சொன்ன ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கும் என்று அமுதவள்ளி நினைத்ததே இல்லை. "நான் சார்கிட்ட மட்டும்தான்க்கா கேட்டேன். வேற யார்கிட்டயும்..."

"என்னா கேட்ட?" என்றாள் விஷ்ணுப்ரியா. மரியாதை போய்விட்டிருந்தது.

"ரிசல்ட்டு நெஜமான்னு."

"என்னைய பாத்திருக்கியா நீ? ஒரு போன் போட்டுக் கேட்டியா?"

"இல்ல."

"வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு அந்த பேப்பர செஞ்சேன். கோவிட் நேரம். ரோட்டுல ஒரு கார் இல்ல, நான் மட்டும் பாஸ் காட்டிட்டு லேபுக்குப் போவேன். அத பொய்யின்னு சொல்லிட்ட, ஒரே வார்த்தையில."

மன்னிப்புக் கேட்க அமுதவள்ளி வாயெடுத்தாள். ஆனால் அவளுக்குள் இரண்டு வருடமாகக் குமைந்துகிடந்தது முந்திக்கொண்டது. "எனக்கு வரலைக்கா! நான் மட்டும் என்னா செய்யறது? நீங்க எழுதுன மாதிரியேதான் செய்றேன். ஒரு எழுத்து மாத்தல. கை சரியில்லன்னு என்னைய சொல்றாங்க. வாரா வாரம் குப்பையில கொட்டுறேன்!"

எழுந்து பையை எடுத்தாள்.

"உக்காரு" என்றாள் விஷ்ணுப்ரியா. "காட்டு. உன் தட்டுல வளந்த செல்ல காட்டு. போட்டோ வச்சிருப்பல்ல."

இரக்கத்தால் அவள் கேட்கவில்லை. தான் ஏமாற்றவில்லை என்று காட்டியாக வேண்டிய வைராக்கியம் அவள் முகத்தில் இருந்தது. அமுதவள்ளி கைப்பேசியைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அணுக்கள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தன. எண்ணிக்கையும் சரி. வளர்ப்புப் பெட்டியின் படம் வந்ததும் விஷ்ணுப்ரியாவின் விரல் நின்றது.

"இது என்னா கலரு?"

"மீடியம்தான்க்கா. பிங்க்."

"என்னுது பிங்க் இல்லையே."

"எல்லா மீடியமும் பிங்க்தானேக்கா?"

"இல்ல லா. என்னுது சைனீஸ் டீ மாதிரி இருக்கும். வெளிறிப்போய்." அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "எங்களுக்கு வர வேண்டிய சாமான் எல்லாம் அப்போ போர்ட்டுல மாட்டிக்கிச்சு. மேல் மாடியில மார்புப் புற்றுநோய் லேப் இருக்குல்ல, அவங்ககிட்டதான் கடன் வாங்குனேன். மீடியமும் அவங்களுது, சீரமும் அவங்களுது. சார்கிட்டயும் சொன்னேன். பேப்பர்ல வழக்கமா போடுற வரியப் போட்டா போதும்னாரு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் மாடிக்காரர்களின் புற்றணுக்கள் ஹார்மோன் பட்டால் பெருகுகிறவை. அதனால் அவர்கள், அணுக்களுக்கு உணவாகக் கரைசலில் கலக்கும் சீரத்தைக் கரியில் வடிகட்டி, ஹார்மோன்களை நீக்கிய பிறகுதான் பயன்படுத்துவார்கள். கரைசலில் சேர்க்கும் சிவப்புச் சாயமே லேசாக ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் என்பதால் சாயத்தையும் தவிர்ப்பார்கள். அமுதவள்ளி பயன்படுத்தியதோ சாதாரணச் சீரம். கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்தது. அந்த இரத்தத்தில் இயற்கையாகவே ஓடும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

"அப்போ என் மேல் வரிசை..." என்றாள் அமுதவள்ளி மெல்ல. "மருந்து குடுக்காத வரிசைன்னு நான் நெனச்சிட்டு இருந்தேனே... அதுவும் ஒரு வாரமா ஸ்டீராய்டுலதான் ஊறிக்கிட்டு இருந்திருக்கு."

அவளுடைய அணுக்கள் அடங்க மறுக்கவே இல்லை. அவள் மருந்து கொடுக்கும் முன்பே அடங்கிக் கிடந்தன. மஞ்சள் இரண்டு வரிசையிலும் வெளிறி இருந்ததற்குக் காரணம் அதுதான். விஷ்ணுப்ரியாவின் கட்டுரையில் எல்லாம் விழுக்காடாகவே இருந்ததால், அவளுடைய மேல் வரிசை எவ்வளவு அடர்த்தியாக எழும்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போனது.

மகிழ்ச்சி வர வேண்டிய நேரம். இருவருக்கும் வரவில்லை. விஷ்ணுப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு பேருமே சரியாத்தான் செஞ்சிருக்கோம்" என்றாள். "அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டாங்க. தெரியும்ல?"

அமுதவள்ளி மன்னிப்புக் கேட்டாள். விஷ்ணுப்ரியா அதைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஏற்றுக்கொண்டதாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

திங்கட்கிழமை அவள் மேல் மாடிக்குப் போய், வடிகட்டிய சீரமும் சாயமில்லாத கரைசலும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். அதே ஆளின் இரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பழைய கரைசலிலும் மறுபாதியைப் புதியதிலும் வளர்த்தாள். பழையதில் அதே அழுது வடியும் வெளிர் மஞ்சள். புதியதில் மேல் வரிசை நல்ல அடர் மஞ்சளாக எழும்பியது, கீழ் வரிசை தண்ணீராக வெளுத்தது. விஷ்ணுப்ரியாவின் படம் அப்படியே. பிறகு அந்த வடிகட்டிய சீரத்துக்குள், கன்றின் இரத்தத்தில் இருக்கிற அளவுக்கு இயற்கை ஸ்டீராய்டைத் திரும்பச் சேர்த்து இன்னொரு தட்டு போட்டாள். மறுபடியும் எல்லாம் வெளிறின. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவள் கண் கலங்கியது. நிம்மதியைவிட ஆத்திரமே அதில் அதிகம். தொலைபேசியில் ஒரு நிறத்தைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

ஞானசம்பந்தம் எண்களைப் பார்த்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தே விட்டார். "அருமைம்மா! இனிமே வடிகட்டின சீரத்துலயே எல்லாத்தையும் பண்ணிடுங்க. நம்ம சேர்மத்தையும் அதுலயே போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தாள். சேர்மம் பிரமாதமாக வேலை செய்தது. பழைய ஸ்டீராய்டுக்குச் சமமாக அழற்சியை அடக்கியது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. சாதாரணச் சீரத்திலும் போட்டாள், மனித இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்திலும் போட்டாள். அங்கே சேர்மம் இருப்பதே தெரியவில்லை.

"அதை எதுக்குப் போட்டீங்க?" என்றார் அவர்.

"மனுசன் ஒடம்புல எப்பவுமே இயற்கை ஸ்டீராய்டு ஓடிக்கிட்டுத்தானே சார் இருக்கு? வடிகட்டுன ரத்தத்தோட யாரும் நடமாடறது இல்ல. அது இருக்கும்போது நம்ம மருந்து என்னா செய்யுதுன்னு பாக்கணும்ல?"

"அதைப் பின்னால பார்த்துக்கலாம். கம்பெனிக்கு இப்போதைக்கு வடிகட்டினதை மட்டும் அனுப்புவோம். அதுலயும் பொய் ஒண்ணும் இல்லையே."

"பொய் இல்ல சார். ஆனா போன தடவயும் பொய் இல்ல. ஒரு வரி எழுதாம விட்டோம். எனக்கு ரெண்டு வருசம் போச்சு. அவங்களுக்கு வேல போச்சு."

அவர் முகம் கறுத்தது. கதவைச் சாத்தச் சொன்னார். "என் விசா இந்தப் பணத்துலதாம்மா ஓடுது. என் பொண்ணு இங்க படிக்கிறா. உங்களுக்கு அது புரியுதா?"

புரிந்தது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. வெறுத்துவிட்டுப் போக முடியாத மனிதராக அவர் இருந்தார். "ரெண்டையும் போடாம என் பேர் அதுல வர வேணாம் சார்" என்றாள். "அப்பறம், அந்தக் காலேஜுக்கு நீங்க சொன்னத நீங்கதான் சார் திருத்திச் சொல்லணும். நானும் சேந்துதான் கெடுத்தேன். கூட வந்து நிக்கிறேன்."

சில வாரங்கள் அவர் அவளோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அந்த வாரங்களில் அமுதவள்ளி வீட்டில் யாரைப் பார்த்தாலும் சீறினாள். லோகன் கடையில் நாசி லெமாக் சோறு டாப்பாவ் கட்டி வாங்கி வந்தால், சம்பல் குறைவு என்று அதற்கும் சண்டை. "நான்தான் மாத்திர சாப்புடுறேன், கோவம் உனக்கு வருது" என்றான் அவன். அதற்கும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அவர் இரண்டையும் போட்டார். முழு மனதோடு போட்டாரா என்பது வேறு விஷயம். கட்டுரை ஒரு சிறிய ஆய்விதழில், யாரும் அதிகம் புரட்டாத பக்கங்களில் வந்தது. எந்தச் சீரம், எந்தக் கரைசல், எவ்வளவு நெருக்கமாக வளர்த்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அமுதவள்ளியின் பெயருக்கு அடுத்து விஷ்ணுப்ரியாவின் பெயர். மருந்து நிறுவனம் மரியாதையாக விலகிக்கொண்டது. ஞானசம்பந்தத்துக்கு விசா ஓராண்டுக்கு மட்டும் நீட்டிக் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் தொலைபேசியில் பேசினாராம். பேசி என்ன, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

அமுதவள்ளியின் பட்டத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "சுருக்கமாகச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு இந்த அணுக்களை அடக்குமா, அடக்காதா?" என்று கேட்டார். இவ்வளவு எழுதியும் இதைத்தான் கேட்கிறாரே என்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது. எதில் வளர்ந்தன என்று தெரியாமல் அதற்குப் பதில் இல்லை என்று பொறுமையாகவே சொன்னாள். திருத்தங்களோடு தேறினாள். ஆய்வு வேலை எதுவும் காலியில்லாததால் கிள்ளானில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் முழங்கையைக் காட்டுவதை நிறுத்தவில்லை.

விஷ்ணுப்ரியா அவளோடு சிநேகிதியாகவில்லை. கட்டுரை வந்த அன்று 'நன்றி' என்று ஒரு சொல் அனுப்பியதோடு சரி. பிறகு நெடுநாள் கழித்து ஒரு காலையில் அவளே அழைத்தாள்.

"இன்னொரு காலேஜுக்குப் போட்டிருக்கேன். விசாரிக்க ஒரு ஆள் பேரு கேட்டாங்க. சார் பேரக் குடுக்க எனக்கு மனசு வரல. உன் பேரக் குடுத்திருக்கேன்."

"என் பேரா? நான் யாருக்கா, ரத்தம் டெஸ்ட் பண்றவ. என் பேச்ச யாரு கேப்பாங்க?"

"என் வேலைய திரும்பச் செஞ்சு பாத்தது நீ ஒருத்திதான்" என்றாள் விஷ்ணுப்ரியா. "ஒழுங்கா பேசு."

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது அமுதவள்ளி வேலை முடிந்து ரயிலடியில் நின்றுகொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு விரிவுரையாளர், அவசரக்காரர், ஆங்கிலத்தில் பேசினார். விஷ்ணுப்ரியாவின் பழைய முடிவுகள்மேல் முன்பு ஏதோ சந்தேகம் இருந்ததாகக் கேள்விப்பட்டோம், அவை சரிதானா, ஆம் இல்லை என்று சொன்னால் போதும் என்றார்.

"சரிதான்" என்றாள் அவள். "சந்தேகப்பட்டவள் நான். தவறு என்னுடையது. ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்."

வேண்டாம், இது போதும் என்று அவர் சொல்லப் பார்த்தார். அவள் விடவில்லை. கரைசலின் நிறத்திலிருந்து ஆரம்பித்தாள். ரயில் வந்து கதவுகள் திறந்து, ஆட்கள் ஏறி இறங்கி, கதவுகள் மூடிக்கொண்டன. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சீரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு, ஒரு கட்டத்தில், அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அடுத்த ரயிலையும் அவள் விட்டுவிட்டாள்.

விஷ்ணுப்ரியாவுக்கு அந்த வேலை கிடைத்தது. ஓராண்டு ஒப்பந்த வேலைதான்.